பழைய கருவிக்குப் பொருந்தும் பாகம்

ஒரு வீட்டில் பாட்டனார் காலத்துச் சுவர்க் கடிகாரம் ஒன்று இருக்கிறது. அதற்குச் சாவி கொடுக்கும் திறவுகோல் தொலைந்துவிட்டது என வைத்துக் கொள்வோம். கடைத்தெருவில் கிடைத்த ஏதோ ஒரு திறவுகோலை அரத்தால் தேய்த்துச் செருகினால் கடிகாரம் ஓடவும் கூடும். உள்ளே இருக்கும் தண்டு சிதைந்து என்றென்றைக்கும் நின்று போகவும் கூடும். நாற்பது ஐம்பது ஆண்டுகள் பழுதின்றி உழைத்த பொருள், பழுதுபார்க்க வந்தவரின் அவசரத்தால் ஒரே நாளில் பாழாவதை நாம் காணாமலில்லை. பாகம் சிறிது, அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்போ பெரிது.

இந்தப் பொறுப்பு எத்தகையது என்பதைத் தெளிவாக உணர்த்தும் துறைகளுள் ஒன்று, பழைய இசைக்கருவிகளைப் புதுப்பிக்கும் துறையாகும். அதிலும் அமெரிக்காவில் 1950களிலும் 1960களிலும் செய்யப்பட்ட பேஸ் கிதார்களுக்கு, அதே காலத்துக்குரிய முறுக்காணிகளைத் தேடிப் பிடித்துப் பொருத்தும் வேலை, பொறுமையும் நுண்ணறிவும் நாணயமும் ஒருங்கே தேவைப்படும் வேலையாகும். கைத்தொழிலில் நாட்டமுள்ள இளைஞர்களும், பழம்பொருட்களைப் பேணிக் காக்கும் பெரியோர்களும் அறிந்துகொள்ளத்தக்க செய்திகள் இதில் பல உள்ளன.

கருவியின் தோற்றம்

மேலை இசையில் அடித்தளமான தாழ்ந்த ஒலியை எழுப்புவதற்கு, ஆளுயரத்திற்கும் மேற்பட்ட பெரிய வயலின் போன்ற கருவியே நெடுங்காலம் பயன்பட்டு வந்தது. அதைத் தூக்கிச் செல்வது கடினம். மற்ற இசைக்கருவிகளின் முழக்கத்திற்கிடையே அதன் ஒலி எடுபடுவதும் கடினம். கலிஃபோர்னியா மாநிலத்தின் ஃபுல்லர்ட்டன் நகரில் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் என்பவர் இக்குறைகளைத் தீர்க்க முனைந்தார். 1951ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் என்னும் மின் கருவி, தோளில் மாட்டிக்கொண்டு வாசிக்கத் தக்கதாய் அமைந்தது. வீணையில் இருப்பது போன்ற மெட்டுகள் அதன் கழுத்தில் பதிக்கப்பட்டிருந்தமையால், விரல் வைத்த இடத்தில் சுருதி துல்லியமாகப் பேசிற்று. துல்லியம் என்னும் பொருள்படும் பெயர் அதற்கு வாய்த்த காரணம் இதுவே. 1960ஆம் ஆண்டில் அதே நிறுவனம் ஜாஸ் பேஸ் என்னும் மற்றொரு வகையை வெளியிட்டது.

இக்கருவிகளில் தந்தி அதிரும் நீளம் 34 அங்குலம். அதாவது 86 சென்டிமீட்டருக்குச் சற்று மிகுதி. தந்திகள் நான்கு. அவற்றுள் மிகத் தாழ்ந்த ஒலியுடையது நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்வது. ஒவ்வொரு தந்தியும் ஏறக்குறைய 15 முதல் 20 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையோடு கழுத்தை இழுத்துக்கொண்டேயிருக்கும். இந்த இழுப்பை இரவும் பகலும் தாங்கி நிற்பவை, கருவியின் தலைப்பகுதியில் வரிசையாக அமைந்த நான்கு முறுக்காணிகள்.

முறுக்காணி இயங்கும் விதம்

வீணையில் பிரடை என்று வழங்கும் மர முளையை நாம் அறிவோம். அது துளையில் இறுகப் பிடித்துக்கொண்டு தந்தியை நிறுத்துகிறது. பேஸ் கிதாரின் கனத்த உலோகத் தந்திகளுக்கு அந்தப் பிடி போதாது. ஆகவே இங்கே பற்சக்கர அமைப்பு கையாளப்படுகிறது. இசைக் கலைஞர்கள் இதை ட்யூனிங் கீ என்றும், ட்யூனர் என்றும் அழைப்பர்.

விரலால் திருப்பும் காதுடன் ஒரு சிறு தண்டு இணைந்திருக்கிறது. அத்தண்டில் திருகாணிக்கு இருப்பது போன்ற புரி வெட்டப்பட்டுள்ளது. அப்புரி ஒரு பற்சக்கரத்தோடு கவ்விக்கொள்கிறது. காதை ஒரு முழுச் சுற்றுத் திருப்பினால் சக்கரம் ஒரே ஒரு பல் அளவே நகரும். சக்கரத்தில் 20 பற்கள் இருப்பின், தந்தி சுற்றப்படும் தூண் ஒரு முறை சுழல, காதை 20 முறை திருப்ப வேண்டும். இதனால் சுருதியை மிக நுட்பமாகச் சேர்க்க முடிகிறது. மேலும் காது சக்கரத்தைத் திருப்புமேயன்றி, தந்தியின் இழுப்பினால் சக்கரம் காதைத் திருப்பிவிடாது. எனவே சேர்த்த சுருதி நழுவாமல் நிற்கிறது.

ஃபெண்டரின் பழைய கருவிகளில் இப்பற்சக்கரம் மூடியின்றித் திறந்தே இருக்கும். ஒவ்வொரு முறுக்காணியும் தனித்தனித் தகட்டின்மேல் அமைந்து, நான்கு சிறு திருகாணிகளால் தலைப்பகுதியின் பின்புறத்தில் பிடிக்கப்பட்டிருக்கும். தூண் மரத்தைத் துளைத்து முன்புறம் வரும் இடத்தில் ஓர் உலோக வளையம் இறுகப் பதிந்திருக்கும். ஆக, நான்கு தூண்களுக்கு நான்கு பெரிய துளைகளும், தகடுகளுக்குப் பதினாறு சிறு துளைகளும் மரத்தில் உள்ளன. பின்னர் நாம் காணப்போகும் சிக்கல்கள் அனைத்தும் இந்த இருபது துளைகளைச் சுற்றியே எழுகின்றன.

செய்தவர் யார்? எந்தக் காலத்தவை?

ஃபெண்டர் நிறுவனம் முறுக்காணிகளைத் தொடக்கத்தில் தானே செய்துகொள்ளவில்லை. சிகாகோ நகரில் இயங்கிய க்ளூசன் என்னும் நிறுவனத்திடமிருந்து வாங்கிப் பொருத்தியது. கிப்சன் முதலிய பிற புகழ்பெற்ற நிறுவனங்களும் க்ளூசனின் வாடிக்கையாளர்களே. நிக்கல் முலாம் பூசிய தகடும், மூவிலைக் கீரை போன்ற அகன்ற காதும் உடைய க்ளூசன் முறுக்காணிகளே 1951 முதல் 1960களின் நடுப்பகுதி வரையிலான ஃபெண்டர் பேஸ் கருவிகளின் அடையாளமாக விளங்கின.

அவற்றில் இன்னொரு தனித்தன்மையும் உண்டு. சுருதியை ஏற்றுவதற்குக் காதைத் திருப்ப வேண்டிய திசை, பிற்காலத்தில் பரவலான முறுக்காணிகளின் திசைக்கு எதிரானது. புரியின் சாய்வோ, புரித்தண்டு சக்கரத்தைத் தொடும் பக்கமோ மாறினால் சுழலும் திசை மாறிவிடும். இதை அறியாதவர் புதிய முறுக்காணி ஒன்றை வாங்கிப் பொருத்துவாராயின், ஒரே கருவியில் மூன்று காதுகள் ஒரு திசையிலும் நான்காவது எதிர்த் திசையிலும் திரும்பும் வேடிக்கையான நிலை ஏற்படும். சுருதியை இறக்குவதாக எண்ணித் தந்தியை அறுத்துவிடும் ஆபத்தும் அதில் உண்டு.

1965ஆம் ஆண்டு சனவரியில் ஃபெண்டர் நிறுவனத்தை சி.பி.எஸ். என்னும் பெரும் ஒலிபரப்பு நிறுவனம் 130 இலட்சம் டாலருக்கு விலைக்கு வாங்கியது. அதனையொட்டிய ஆண்டுகளில் முறுக்காணிகளின் தோற்றமும் மாறலாயிற்று. 1966ஐ ஒட்டி வந்த கருவிகள் சிலவற்றில் காது நீள்வட்டமாகி, குழந்தைகள் சுவைக்கும் குச்சி மிட்டாயின் வடிவில் இருந்தது. சேகரிப்பாளர்களும் அவற்றை அப்பெயராலேயே குறிப்பிடுகின்றனர். ஆகவே 1962ஆம் ஆண்டுக் கருவியில் குச்சி மிட்டாய்க் காது இருக்குமாயின், அது பிற்காலத்தில் மாற்றப்பட்டது என்பது விளங்கும்.

ஏனைய நிறுவனங்களின் வழக்கம் வேறு. 1953ஆம் ஆண்டு கிப்சன் வெளியிட்ட வயலின் வடிவ பேஸ் கருவியில், காதுகள் பக்கவாட்டில் நீளாமல் பின்னோக்கி நின்றன. பேஞ்சோ என்னும் வாத்தியத்திற்குரிய முறுக்காணி வகை அது. ஜெர்மனியின் ஹோஃப்னர் நிறுவனம் 1950களின் நடுவில் தொடங்கிச் செய்த வயலின் வடிவக் கருவியிலோ, ஒரு பக்கத்திற்கு இரண்டு முறுக்காணிகள் ஒரே நீண்ட தகட்டில் அமைந்திருந்தன. அத்தகைய தகட்டை மாற்றும்போது இரு தூண்களுக்கும் இடைப்பட்ட தூரமும் சற்றும் பிசகாமல் ஒத்திருத்தல் வேண்டும். "பழைய பேஸ் முறுக்காணி" என்று பொதுவாகக் கேட்டு வாங்குவதில் பயனில்லை என்பது இவற்றால் தெளிவாகும்.

ஏன் மாற்றப்பட்டன?

ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட கருவி, தனக்குரிய முறுக்காணிகளோடு இன்றும் இருக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். இல்லாமற் போனமைக்குப் பல காரணங்கள் உண்டு.

முதலாவது, விபத்து. சுவரில் சாய்த்து வைத்த கருவி சரிந்து விழுந்தால், வெளியே நீண்டிருக்கும் காதுதான் முதலில் தரையில் மோதும். காதின் தண்டு வளையும், அல்லது முறியும். இரண்டாவது, தேய்மானம். பற்கள் தேய்ந்தால் காதுக்கும் சக்கரத்திற்கும் இடையே வெற்றாட்டம் தோன்றும். மூன்றாவது, நாகரிக மோகம். 1970களில் பழைய கருவிகளுக்கு இன்றுள்ள மதிப்பு இல்லை. அவை பத்துப் பதினைந்து ஆண்டுகள் கைமாறிய பழைய சரக்குகளாகவே கருதப்பட்டன. ஜெர்மனியின் ஷாலர் போன்ற நிறுவனங்கள் செய்த, பற்சக்கரம் மூடப்பட்ட புதுவகை முறுக்காணிகள் உறுதியும் வழவழப்பும் உடையவையாக இருந்தன. கருவியை நம்பிப் பிழைத்த கலைஞர்கள் அவற்றைப் பொருத்திக்கொண்டதில் வியப்பில்லை. கழற்றியெடுத்த க்ளூசன் முறுக்காணிகள் மேசையறையில் கிடந்து, பின் குப்பைக்குப் போயின. தகட்டின் அளவு வேறுபட்டதால் மரத்தில் புதிய துளைகள் போடப்பட்டன; சில கருவிகளில் தூண் துளையே அகலப்படுத்தப்பட்டது.

அப்படிச் செய்தவர்களை இன்று ஏசுவதில் நியாயமில்லை. கருவி அவர்களுக்குத் தொழில் ஆயுதம். மதிப்பு என்பது காலம் கடந்தபின் வந்து சேர்ந்தது. டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனத்து இசைத்தட்டுகளில் பேஸ் வாசித்துப் பெயர்பெற்ற ஜேம்ஸ் ஜேமர்சன் பெரிதும் பயன்படுத்தியது, 1962ஆம் ஆண்டின் பிரிசிஷன் பேஸ் ஒன்றையே. 1983ஆம் ஆண்டு அவர் காலமாவதற்குச் சற்று முன்னர் அது களவு போயிற்று. அத்தகையோரின் கைவண்ணத்தால் அந்த ஆண்டுகளின் கருவிகள் பெரும் மதிப்பைப் பெற்றன. மதிப்பு உயர்ந்தபின் ஒவ்வொரு திருகாணியும் ஆராயப்படலாயிற்று.

முதற்கடமை: உள்ளதைக் காத்தல்

கருவியைப் புதுப்பிக்க விரும்புவோர் முதலில் தேடவேண்டிய இடம் கடையன்று. அந்தக் கருவியிடமே தேடவேண்டும். பழைய முறுக்காணி உண்மையிலேயே பயனற்றுப் போயிற்றா என்று ஆராய வேண்டும். சுருதி நிற்கவில்லை என்றவுடன் முறுக்காணிமேல் பழி சுமத்துவது பலரின் வழக்கம். தந்தி தூணில் ஒழுங்காகச் சுற்றப்படாமையாலும், கழுத்தின் மேல்முனையில் தந்தி தங்கும் பள்ளம் இறுக்கிப் பிடிப்பதாலும், தகட்டுத் திருகாணிகள் தளர்ந்திருப்பதாலும் அதே குறை தோன்றும்.

திறந்த பற்சக்கரத்தில் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் உறைந்து திரும்ப மறுப்பதும் உண்டு. பிசுக்கைக் கரைப்பானால் நனைத்து மென்மையான தூரிகையால் நீக்கி, ஒரு துளி மெல்லிய மசகெண்ணெய் இட்டால் பல முறுக்காணிகள் உயிர்பெற்றுவிடும். சக்கரத்தைத் தூணோடு பிணைக்கும் நடுத்திருகாணி தளர்ந்திருந்தால் அதை அளவாக முடுக்கினாலே போதும். பளபளப்பாக்கும் ஆசையில் முரட்டுப் பொடியிட்டுத் தேய்ப்பது கூடாது. முலாம் மெல்லிய படலமே, தேய்ந்தால் திரும்ப வராது. தகட்டின் திருகாணித் துளை அகன்றிருந்தால், பெரிய திருகாணியைச் செலுத்தாமல், துளையில் மெல்லிய மரத்துணுக்கை வச்சிரம் இட்டுச் செருகி, பழைய திருகாணியையே மீண்டும் பிடிக்க வைக்கலாம். நம் தச்சர்கள் கதவுக் கீலுக்குச் செய்யும் அதே வேலைதான்.

நான்கில் ஒன்று மட்டும் கெட்டிருந்தால் நான்கையும் மாற்ற வேண்டும் என்பதில்லை. நல்ல மூன்றைக் காத்து ஒன்றுக்கு மட்டும் துணை தேடுவதே முறை.

இரண்டாம் வழி: அதே காலத்துப் பாகம்

சீர்செய்யவே இயலாத நிலையில், அதே வகையைச் சேர்ந்த பழைய முறுக்காணியைத் தேடலாம். தேடுமுன் கையில் இருக்கவேண்டியவை அளவுகள். தூண் துளையின் விட்டம், தூணின் தடிமன், தகட்டின் நீள அகலம், திருகாணித் துளைகளின் இடைவெளி, தலைப்பகுதியின் பலகைக் கனம் ஆகியவற்றை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். பழைய ஃபெண்டர் பேஸ் கருவிகளில் வளையம் பதியும் துளை பெரும்பாலும் 11/16 அங்குலம். அதாவது ஏறத்தாழ 17.5 மில்லிமீட்டர். இக்காலக் கருவிகள் பலவற்றில் துளை இதைவிடச் சிறியது. ஆகவே இக்காலத்து வளையம் பழைய துளையில் ஆடும். பழைய வளையம் புதிய துளையில் நுழையாது.

அளவை அடுத்துப் பார்க்க வேண்டியவை அடையாளங்கள். காதின் வடிவம், தகட்டு மூலைகளின் வெட்டு, பற்களின் எண்ணிக்கை, திரும்பும் திசை, முலாமின் நிறம் ஆகியவை ஒத்திருக்க வேண்டும். நிக்கல் முலாம் சற்று மஞ்சள் சாயல் கொண்டு, காலப்போக்கில் மங்கிப் பனி படர்ந்தாற்போல் ஆகும். குரோமிய முலாம் நீலச் சாயலோடு கண்ணாடிபோல் நெடுங்காலம் மின்னும். மூன்று நிக்கல் முறுக்காணிகளுக்கிடையே ஒரு குரோமியம் இருந்தால், பல்வரிசையில் பொய்ப்பல் தெரிவதுபோல் அது தனித்துத் தெரியும். திருகாணித் தலையின் வெட்டு ஒற்றைக் கோடா, கூட்டல் குறியா என்பதையும் அக்காலக் கருவிகளோடு ஒப்பிட வேண்டும்.

கருவியின் ஆண்டை அறிவதிலும் எச்சரிக்கை தேவை. ஃபெண்டர் கருவிகளில் கழுத்தின் அடிமுனையில் பென்சிலாலோ முத்திரையாலோ இட்ட தேதியைக் காணலாம். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் அடியிலுள்ள பாகத்தில், அதைச் செய்த நிறுவனமும் ஆண்டும் வாரமும் எண்களாகப் பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் ஒரு பாகத்தின் தேதி கருவியின் தேதி ஆகிவிடாது. தொழிற்சாலையில் பழைய பாகங்கள் தீரும்வரை அவற்றையே பயன்படுத்துவது வழக்கம். எனவே ஒரு வகை மறைந்து மறு வகை தோன்றும் எல்லை, நாட்காட்டியில் கோடு கிழித்தாற்போல் இராது. இரண்டும் கலந்து வரும் இடைக்காலம் ஒன்று இருக்கும்.

இந்த இரண்டாம் வழியில் மனத்தை உறுத்தும் ஒரு கேள்வியும் அடங்கியுள்ளது. சந்தையில் விற்பனைக்கு வரும் பழைய முறுக்காணிகள் எங்கிருந்து வருகின்றன? நெருப்பிலோ வெள்ளத்திலோ அழிந்த கருவியில் தப்பியவையாக இருக்கலாம். பழைய பட்டறை ஒன்றின் அலமாரியில் கிடந்தவையாக இருக்கலாம். ஆனால் நல்ல நிலையிலிருந்த முழுக் கருவியை உறுப்புறுப்பாகப் பிரித்து விற்பவர்களும் உண்டு. முழுக் கருவியின் விலையைவிடப் பிரித்த பாகங்களின் கூட்டு விலை மிகும்போது இந்தக் கொடுமை நிகழ்கிறது. நம் கருவியை முழுமையாக்கும் ஆர்வத்தில் வேறொரு கருவியைச் சிதைப்பதற்கு நாம் பணம் கொடுப்போமாயின், அதைப் புதுப்பித்தல் என்று எங்ஙனம் கூறுவது? ஒருவர் வீட்டு ஓட்டையை அடைக்க மற்றொருவர் கூரையைப் பிரிப்பது போன்றதன்றோ அது! ஆகவே பாகம் வந்த வழியைக் கேட்டறிவது வாங்குவோரின் கடமையாகும்.

மூன்றாம் வழி: புதிதாய்ச் செய்த பிரதி

பலருக்கும் ஏற்ற வழி, பழைய வடிவிலேயே புதிதாகச் செய்யப்பட்ட முறுக்காணியை வாங்குவதாகும். பழைய க்ளூசன் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. அப்பெயர் 1990களில் வேறொரு நிறுவனத்தின் உரிமையாகி மீண்டும் புழக்கத்திற்கு வந்தது. ஜப்பானின் கோட்டோ போன்ற நிறுவனங்களும் பழைய பாணி முறுக்காணிகளைச் செய்கின்றன. ஃபெண்டர் நிறுவனமே 1982ஆம் ஆண்டில், தன் 1957, 1962ஆம் ஆண்டுக் கருவிகளின் வடிவைப் பின்பற்றி மறுபதிப்புக் கருவிகளை வெளியிட்டது. அவற்றுக்கெனப் பழைய பாணிப் பாகங்களும் செய்யப்பட்டன.

பிரதியின் சிறப்பு என்னவெனில், பழைய துளைகளிலேயே அது அமர்ந்துகொள்ளும். மரத்தில் ஒரு புதிய துளையும் வேண்டாம். நாளை உண்மையான பழைய முறுக்காணி கிடைத்தால், இதைக் கழற்றி அதைப் பொருத்திவிடலாம். எத்தனை விலை கொடுத்தாலும் அறுபது ஆண்டு மேப்பிள் மரத்தில் போட்ட துளையைப் போடாததாக ஆக்க முடியாது. தூண் துளையை முன்னரே எவரோ அகலப்படுத்தியிருந்தாலும், இடைவளையம் ஒன்றைச் செருகிப் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம்.

பிரதி என்னும் பெயரில் வருபவை அனைத்தும் பொருந்தும் என்று நம்பிவிடவும் கூடாது. சில அங்குல அளவிலும், சில மில்லிமீட்டர் அளவிலும் செய்யப்படுகின்றன. சிலவற்றில் காது பழைய வடிவம், திரும்பும் திசையோ புதியது. எடையையும் கவனிக்க வேண்டும். தலைப்பகுதி கனத்தால், தோளில் மாட்டியவுடன் கழுத்து தரையை நோக்கித் தாழும். வாசிப்பவரின் இடக்கை அதைத் தாங்கியே களைத்துப்போகும். கழுத்தின் நுனியில் எடை மாறினால் கழுத்து அதிரும் விதமும் மாறும். சில இடங்களில் ஒலி நீண்டு நிற்பதும், சில இடங்களில் சட்டென்று மடிவதும் அதனால் இடம்பெயரும். சிறு பாகம் என்று எண்ணியது கருவியின் குரலையே தொடுகிறது.

பழமை வேடம்

இனி, இத்துறையின் இருண்ட பக்கத்தையும் கூறியாக வேண்டும். புதிய நிக்கல் முறுக்காணி பழைய கருவியில் கண்ணைப் பறிக்கும். ஆகவே புகையாலும் அமிலத்தாலும் அதை மங்கச் செய்து பழமைத் தோற்றம் தருபவர்கள் உண்டு. தன் கருவியில் ஒருமைத் தோற்றம் வேண்டி ஒருவர் இவ்வாறு செய்துகொள்வதில் எவருக்கும் இழப்பில்லை. ஆனால் அதே முறுக்காணியை "1962ஆம் ஆண்டின் அசல்" என்று கூறி விற்பது அப்பட்டமான மோசடியாகும்.

இதில் வேடம் போடாமலேயே ஏமாற்றம் நேரவும் இடமுண்டு. 1982ஆம் ஆண்டின் மறுபதிப்புப் பாகங்களுக்கே இன்று நாற்பது வயது கடந்துவிட்டது. வியர்வையும் ஈரக்காற்றும் பட்டு அவையும் இயற்கையாகவே மங்கிவிட்டன. எந்தக் குறிப்புமின்றி அவை கைமாறினால், அறுபதாண்டுப் பழமை உடையவை என்று நேர்மையான வணிகர்கூட நம்பிவிடலாம். எனவே எழுத்து மூலமான குறிப்பு மிக மிக இன்றியமையாதது. எந்தப் பாகம், எப்பொழுது, எதற்காக மாற்றப்பட்டது என்று ஒரு தாளில் எழுதி, கழற்றிய பழைய பாகத்தையும் திருகாணிகளையும் ஒரு சிறு பையிலிட்டு, கருவியின் பெட்டியிலேயே வைக்க வேண்டும். முறிந்த பாகமாயினும் எறியலாகாது. பின்னாளில் அளவெடுக்கவும் ஒப்புநோக்கவும் அதுவே சான்று.

கட்டடக் கலைஞர்கள் இந்நெறியை முன்னமே வகுத்துள்ளனர். பழஞ்சின்னங்களைப் பேணுவதற்காக 1964ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட வெனிஸ் சாசனம், இழந்த பகுதிக்கு ஈடாக வைக்கப்படுவது முழுமையோடு இசைந்து நிற்க வேண்டும் என்கிறது. அதே வேளையில் அசலிலிருந்து பிரித்தறியக் கூடியதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. கோபுரத்துக்கும் கோட்டைக்கும் சொன்ன இந்நெறி, உள்ளங்கையில் அடங்கும் முறுக்காணிக்கும் பொருந்துவதைப் பாருங்கள்!

மாற்றமும் வரலாறே

எல்லா மாற்றங்களையும் துடைத்துக் கருவியைப் பிறந்த நாளின் நிலைக்குத் திருப்புவதே புதுப்பித்தல் என்று கருதுவோர் உண்டு. அதற்கும் ஓர் எல்லை வேண்டும் என்பதை உணர்த்துகிறது அண்மையில் உலகச் செய்தியான ஒரு நிகழ்ச்சி.

பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏறத்தாழ 30 பவுனுக்கு ஒரு ஹோஃப்னர் பேஸ் கருவியை வாங்கினார். 1964ஆம் ஆண்டில் அதற்குப் புதிய வண்ணம் பூசப்பட்டது. ஒலியை மின்னலையாக மாற்றும் இரு பாகங்களும் ஒரே மரச்சட்டத்தில் புதிதாக அமைக்கப்பட்டன. 1972ஆம் ஆண்டு இலண்டனில், வாகனம் ஒன்றிலிருந்து அது திருடப்பட்டது. அரை நூற்றாண்டுக்குப் பின்னர், ஹோஃப்னர் நிறுவனத்தோடு தொடர்புடைய ஒருவரும் வேறு சிலரும் சேர்ந்து மேற்கொண்ட தேடலின் பயனாக, ஒரு வீட்டுப் பரணில் கிடந்த அக்கருவி வெளிப்பட்டது. அது உரியவரிடம் சேர்ந்த செய்தி 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. பழுதுகள் நீக்கப்பட்டபின், அதே ஆண்டு திசம்பரில் இலண்டன் மேடையில் மெக்கார்ட்னி அதை மீண்டும் வாசித்தார்.

1961ஆம் ஆண்டின் அசல் நிலையே வேண்டுமென்று, 1964ஆம் ஆண்டின் வண்ணத்தையும் மரச்சட்டத்தையும் ஒருவர் அகற்றிவிட்டார் என்று எண்ணிப் பாருங்கள். அக்கருவியை ஆயிரம் ஹோஃப்னர்களுக்கிடையே தனித்துக் காட்டும் அடையாளங்களே அவைதாம். அசலைத் தேடும் ஆர்வம், அசலின் சான்றையே அழித்திருக்கும். ஆகவே முறுக்காணியை மாற்றுமுன், இப்போது இருப்பது யாருடைய கையால், எந்தத் தேவைக்காக வைக்கப்பட்டது என்று வினவுதல் வேண்டும். 1970களில் ஒரு கலைஞர் தம் பிழைப்புக்காகப் பொருத்திய மூடிய முறுக்காணி, நன்றாக இயங்குமாயின், அக்கருவியின் வாழ்க்கை வரலாற்றில் ஓர் அத்தியாயமாக அது அங்கேயே இருக்கலாம்.

அன்பு வாசகர்களே! நம்மிடம் வந்து சேரும் பழைய பொருள் எதுவாயினும், அது நமக்கு முன் பலரிடம் இருந்தது. நமக்குப் பின்னும் பலரிடம் செல்லவிருப்பது. ஓர் அமானிதம் போன்றே அதைக் கருத வேண்டும். சீர்செய்ய முடிந்ததைச் சீர்செய்வோம். முடியாதவிடத்து, பழைய துளையை மதித்து அமரும் பாகத்தைத் தேடுவோம். எதை மாற்றினோம் என்பதை மறைக்காமல் எழுதி வைப்போம். பின்னொரு நாள் வேறொருவர் அப்பெட்டியைத் திறக்கும்போது, கருவியோடு அந்தச் சிறு பையும் தாளும் அவர் கைக்குக் கிடைக்கட்டும்.